பேனா விற்றவர் தபாலாபீசும் நடத்தினால்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது சர்க்கரை, முழங்கால் வலியோடு இன்னொரு புலம்பலும் சேர்ந்துவிட்டது. செல்போனில் 'இடம் நிரம்பிவிட்டது, மாதம் இவ்வளவு கட்டுங்கள்' என்று அறிவிப்பு வருகிறதாம். பேரன் பேத்தி படங்களை அழிக்க மனம் வரவில்லை, கட்டவும் மனம் வரவில்லை. இத்தனை வருஷம் இலவசமாகக் கொடுத்துவிட்டு இப்போது கை நீட்டுகிறானே என்று கோபம்.

இதற்கு மறுபக்கத்தில் வேறொரு பேச்சும் இருக்கிறது. இலவச மின்னஞ்சல்தான் நம்மை விளம்பரக்காரர்களிடம் விற்றது. எனவே செல்போன் செய்யும் கம்பெனிகளே பழையபடி காசு வாங்கிக்கொண்டு சொந்தமாக மின்னஞ்சல் சேவை நடத்தட்டும் என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிளாக்பெர்ரியை நினைத்துச் சொல்கிறார்கள். அந்தக் கதையை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னால் தேவலை.

காசு கொடுத்துக் கடிதம் அனுப்புவது நமக்குப் புதிதல்ல. 1854ல் இந்தியா முழுமைக்கும் பொதுவான தபால்தலை வந்தபோது முக்கியமான மாற்றம் ஒன்று நடந்தது. அதற்கு முன் தூரத்தைக் கணக்கிட்டுக் காசு வாங்குவார்கள். பெறுபவர் தலையில் கட்டுவதும் உண்டு. அதற்குப் பின் எடைக்குத்தான் காசு; கலசப்பாக்கத்திலிருந்து போளூருக்கும் அதே அரையணா, கல்கத்தாவுக்கும் அதே அரையணா. 1879ல் காலணாவுக்கு அஞ்சலட்டை வந்தது. காசு வாங்கிய தபால் இலாகா, எந்தக் கம்பெனிப் பேனாவால் எழுதினீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு சர்வீஸ் தபால்தலைக் கணக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு தலைக்கும் பதிவேட்டில் வரி உண்டு; மாலையில் மீதி இருப்பு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கெடுபிடியால் வீண் கடிதம் குறைவாக இருந்தது என்பது என் எண்ணம். இன்றைக்கு அனுப்பச் செலவில்லை என்பதால்தான் காலையில் எழுந்தவுடன் நாற்பது 'குட்மார்னிங்' பூக்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கூடப் படித்தவர்களில் பலர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். எண்பதுகளில் அவர்கள் எழுதும் கடிதங்களில் 'மினிடெல்' என்ற சொல் அடிக்கடி வரும். நம் ஊரில் டிரங்க்கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. அங்கே 'பேத்தேத்தே' என்று சொல்லப்படும் அஞ்சல், தந்தி, தொலைபேசி நிர்வாகம் 1982 முதல் நாடு முழுக்க வீட்டுத் தொலைபேசியோடு இணைக்கும் சின்னத் திரைப்பெட்டியைக் கொடுத்தது. பெட்டி இலவசம். தொலைபேசி விவரப் புத்தகத்துக்குப் பதிலாக அதில் எண்ணைத் தேடலாம், முதல் மூன்று நிமிஷம் காசில்லை. ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புவது எல்லாம் அதில் நடந்தது. 3615 என்று சுழற்றினால் நிமிஷக் கணக்கில் காசு ஓடும். அது தொலைபேசி பில்லில் வந்துவிடும். வசூலில் ஒரு பங்கை நிர்வாகம் வைத்துக்கொண்டு மீதியைச் சேவை நடத்துபவருக்குக் கொடுக்கும். இதில் நன்றாகச் சம்பாதித்தது 'இளஞ்சிவப்பு அரட்டை' என்று அவர்கள் பெயர் வைத்த சமாசாரம். அதை இங்கே விவரிக்க வேண்டாம்.

மினிடெல் முப்பது வருஷம் ஓடி 2012 ஜூன் 30 அன்று நிறுத்தப்பட்டது. உச்சத்தில் சுமார் 90 லட்சம் பெட்டிகள் இருந்தன. காசு வாங்கி நடத்தியது நேர்மையான ஏற்பாடுதான். விளம்பரத்துக்காக யாருடைய கடிதத்தையும் துருவ வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஆனால் பெட்டி, கம்பி, பில் மூன்றும் ஒரே கையில் இருந்தன. உலகம் முழுக்க இன்டர்நெட் பரவியபோது அந்தப் பெட்டியால் வெளியே எட்டிப் பார்க்க முடியவில்லை.

பிளாக்பெர்ரிக்கு வருவோம். கனடாவின் வாட்டர்லூ நகரத்துக் கம்பெனி அது. 'ரிசர்ச் இன் மோஷன்' என்று பெயர், 1984ல் ஆரம்பித்தது. 1999ல் பேஜர் மாதிரி ஒரு கருவியில் மின்னஞ்சல் வரவழைத்தார்கள். இந்தியாவுக்கு 2004ல் ஏர்டெல் கொண்டுவந்தது. சாதாரண மின்னஞ்சலில் நாம் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இதில் கடிதம் முதலில் அந்தக் கம்பெனியின் சொந்தக் கணினி மையத்துக்குப் போகும். அங்கே சுருக்கி, பூட்டுப் போட்டு, உங்கள் கருவிக்குத் தள்ளிவிடுவார்கள். சிவப்பு விளக்கு மினுக்கும். அன்றைக்கு இருந்த ஆமை வேக இணைப்பில் இது பெரிய வித்தை. அதற்கென்று மாதாமாதம் தனிக் கட்டணம். கலெக்டர் ஆபீஸ் கூட்டங்களுக்கு வரும் பெரிய அதிகாரிகள் மேஜையில் அதைக் கவிழ்த்து வைப்பதே ஒரு தோரணை.

சிக்கலும் அந்தப் பூட்டிலிருந்தே வந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மத்திய அரசின் கவலை கூடியது. சட்டப்படி ஒட்டுக்கேட்க வழி செய்யாவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்று 2010 ஆகஸ்ட் 31 வரை கெடு வைத்தார்கள். அப்போது இங்கே சுமார் 10 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். நிறுவனங்களின் அஞ்சலுக்கான சாவி எங்களிடமே இல்லை, அந்தந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்று கம்பெனி சொல்லிவிட்டது. கெடு தள்ளிப்போனது, பிற்பாடு மும்பையில் கணினிகளை நிறுவி ஓரளவு சமரசம் ஆனது. அரசின் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர் அந்தப் பேரத்தில் எங்குமே இல்லை. அவருடைய கடிதத்தை யார் படிக்கலாம் என்பதை டெல்லியும் வாட்டர்லூவும் பேசி முடித்தன.

அடுத்த வருஷம் இன்னொன்று. 2011 அக்டோபரில் இங்கிலாந்தில் இருந்த அவர்களுடைய மையத்தில் கோளாறு. ஐரோப்பா, அரபு நாடுகள், ஆப்பிரிக்கா, இந்தியா எங்கும் மூன்று நான்கு நாள் கடிதம் முடங்கியது. எல்லாக் கடிதமும் ஒரே வாசல் வழியாகப் போனால் வாசல் அடைபடும்போது ஊரே அடைபடுகிறது. கடைசியாக, 2022 ஜனவரி 4 அன்று பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவையை நிறுத்தினார்கள். அதன்பின் அந்தக் கருவிகளில் சாதாரணமாகப் பேசுவதற்குக்கூட உத்தரவாதம் இல்லை என்று கம்பெனியே அறிவித்தது. கருவி கெட்டுப்போகவில்லை, பின்னாலிருந்த தபாலாபீசை மூடிவிட்டார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் நோக்கியா. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்து, நம் வடமாவட்டங்களின் எத்தனையோ பெண் பிள்ளைகளுக்குச் சீருடையும் சம்பளமும் கொடுத்த கம்பெனி. 2009ல் 'நோக்கியா லைஃப் டூல்ஸ்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சந்தை விலை, வானிலை, பயிர்க் குறிப்பு, ஆங்கிலப் பாடம் இதெல்லாம் சொந்த மொழியில் வரும். விவசாயத்துக்கு மாதம் 30 ரூபாய் அல்லது 60 ரூபாய். எஸ்.எம்.எஸ். வழியாக வந்ததால் இன்டர்நெட் வேண்டாம். சிக்னல் வந்து வந்து போகும் ஜவ்வாது மலைக்கு உண்மையில் ஏற்ற ஏற்பாடு இதுதான். கடலைக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ள பெரிய போன் எதற்கு? ஆனால் நோக்கியா போனில் மட்டும்தான் வரும். அதே காலத்தில் கணினியே பார்க்காதவர்களுக்கும் போனிலேயே முகவரி தருகிறோம் என்று 'ஓவி மெயில்' ஆரம்பித்தார்கள். 2010ல் யாகூவோடு ஒப்பந்தம் போட்டு அதை யாகூவிடம் ஒப்படைத்தார்கள். போன் வியாபாரம் 2014ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. அதே வருஷம் நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் மூடியது. விவசாயிக்கு வந்த குறுஞ்செய்தியும் இந்தச் சரிவிலேயே போயிற்று. அதில் குறை ஒன்றும் இல்லை, போன் விற்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் இலவசம் மேலா? 1996ல் சபீர் பாட்டியாவும் கூட்டாளியும் ஹாட்மெயிலை இலவசமாகத் திறந்தார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஒரு ஜி.பி. இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது முட்டாள்கள் தின வேடிக்கை என்று பலர் நினைத்தார்கள். விளம்பரம் போடுவதற்காகக் கடிதத்தில் உள்ள சொற்களை இயந்திரம் படித்துக்கொண்டிருந்தது; அதை நிறுத்துகிறோம் என்று அவர்கள் சொன்னது 2017ல். பதின்மூன்று வருஷம் நம் பிரிவுக்கடிதமும் கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான் போயின. 2021 ஜூன் முதல் புகைப்படங்களையும் 15 ஜி.பி. கணக்கில் சேர்த்தார்கள். இன்று நம்மைப் புலம்ப வைக்கும் அறிவிப்பின் பூர்வீகம் அதுதான். ஆகவே கட்டணச் சேவை திரும்ப வரலாமா என்று கேட்பதே காலம் கடந்த கேள்வி. ஆப்பிள், கூகுள் இருவருமே போன் விற்கிறார்கள், இருவருமே மாத வாடகை வாங்குகிறார்கள்.

காசு வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தபால்தலை வாங்கியே வளர்ந்தவன். பேனா விற்பவரே தபாலாபீசையும் வைத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவருக்குப் பேனா வியாபாரம் படுத்தால் நம் கடிதமும் சேர்ந்து படுக்கும். போன் விற்காமல் அஞ்சல் மட்டும் நடத்தலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சென்னையில் தொடங்கி தென்காசிப் பக்கம் வரை அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ 2008 முதல் விளம்பரமில்லாத மின்னஞ்சல் நடத்துகிறது. நிறுவனங்களிடம் கட்டணம் வாங்குகிறது. எந்தப் போனிலும் திறக்கும். மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் கணக்குகள் அதற்கு மாறியதாக 2025ல் செய்தி வந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 2011 ஜனவரி 20 முதல் செல்போன் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை நாடு முழுக்க வந்தது. ஏர்செல் மூடியபோது பலர் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டது அதனால்தான். மின்னஞ்சல் முகவரிக்கு அப்படி ஒரு விதி நம் நாட்டில் இல்லை. பென்ஷன் கணக்கு, வங்கி, ஆயுள் காப்பீடு எல்லாவற்றிலும் ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். புதிதாகக் கட்டணச் சேவை தொடங்க வரும் செல்போன் கம்பெனியிடம் நான் முதலில் கேட்பது விலையை அல்ல. நாளைக்கு வேறு போன் வாங்கினால் இந்த முகவரி என்னோடு வருமா என்பதைத்தான்.