சலான் சரி, போட்டோ எதற்கு?

"ஆயிரம் ரூபா சலான் சரிதான் அக்கா. பின்னாடி உட்கார்ந்தவன் ஹெல்மெட் போடலை, தப்புதான். போட்டோ எதுக்கு எடுத்தாங்க?"

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கிறார். போலீஸ் தேர்வுக்கும் தயாராகிறார்.

நடந்தது இதுதான். நெடுஞ்சாலை பிரியும் இடத்தில் மாலை நேர வாகனச் சோதனை. இரண்டு பைக், நான்கு பேர், நால்வரும் ஒரே வகுப்பு. இரண்டு வண்டியிலும் பின்னால் இருந்தவர்களுக்கு ஹெல்மெட் இல்லை. முதல் வண்டிக்காரரின் லைசென்ஸில் மேலத்தெரு முகவரி. சலான் போட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். நம் தம்பியின் லைசென்ஸில் காலனி முகவரி. "காலனியா? போன வருஷக் கேஸ்ல நீ இருந்தியாடா?" என்று கேட்டு, சாவியைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் ஓரமாக நிற்க வைத்திருக்கிறார்கள். போகும்போது அவர் முகத்தையும் வண்டி எண்ணையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் மேல் எந்த வழக்கும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து சரியாகப் படிக்கவில்லை. அந்தப் படம் எந்தப் பதிவேட்டுக்குப் போகும், நாளை வேலைக்கான விசாரணை வரும்போது எந்த வடிவில் திரும்பி வரும் என்பதே அவர் பயம். 'சும்மா எடுத்திருப்பாங்க, விடு தம்பி' என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சாலையில் நம்மை நிறுத்தி 'நீ யார்?' என்று கேட்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

வண்டி ஏறுவதே குற்றமாக இருந்த காலம்

1893. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வெங்ஙானூர். புலையர் சமூகத்தைச் சேர்ந்த முப்பது வயது இளைஞர் அய்யங்காளி ஒரு வில்லுவண்டி வாங்குகிறார். புலையர்கள் பொதுச்சாலையில் நடக்கவே முடியாத காலம் அது. அவர் காளைகளைப் பூட்டி, நல்ல உடை உடுத்தி, தலைப்பாகை கட்டி அந்தச் சாலையில் வண்டியை ஓட்டிப் போனார். ஆதிக்கச் சாதியினர் மறித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. வில்லுவண்டிப் பயணம் என்று இன்றும் பேசப்படும் அந்தப் போராட்டம் ஓர் இளைஞர் வண்டி ஓட்டிய கதைதான்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1901. சிறுவன் பீமராவ் தன் வீட்டுப் பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து அன்பாகப் பேசிய நிலைய அதிகாரியின் முகம், 'மகர்' என்று கேட்டதும் மாறிவிடுகிறது. இரண்டு மடங்கு கூலி தருகிறோம் என்றாலும் எந்த மாட்டு வண்டிக்காரரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் சம்மதித்தார். ஆனால் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். இருட்டிய பிறகு வழியில் சுங்கச்சாவடி. முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளும்படி வண்டிக்காரர் சொல்லிக்கொடுக்க, சிறுவன் அப்படியே சொல்லித் தண்ணீர் கேட்டான். அப்போதும் தண்ணீர் கிடைக்கவில்லை. பின்னாளில் அண்ணல் அம்பேத்கரே எழுதி வைத்த நிகழ்ச்சி இது. சாவடியில் நின்று 'நீ யார்?' என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லலாமா என்று யோசிக்க வேண்டிய நிலை ஒரு சிறுவனுக்கு இருந்திருக்கிறது.

1929இல் சாலிஸ்கான். அப்போது அவர் பாரிஸ்டர். டாங்கா ஓட்டுபவர்கள் மகர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போக மறுத்தார்கள். சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களில் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. சிறு பாலம் ஒன்றில் சக்கரம் சிக்க, அண்ணல் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. பழகவே வாய்ப்பில்லாதவர் கையில் கடிவாளம் வந்தால் விபத்து நடக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருந்து வண்டி கற்றுக்கொடுத்தார்கள்? பலருக்கு இ.எம்.ஐ.யில் வந்த பைக்தான் அந்த வீட்டின் முதல் வண்டி.

ஒரே சாலையில் இரண்டு சீட்டுகள்

வெள்ளையர் அரசு 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. சில சமூகங்களில் பிறந்தாலே குற்றவாளி என்றது அது. பெயரைப் பதிய வேண்டும், குறித்த எல்லையைத் தாண்டச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் அகப்பட்டால் வாரண்ட் இல்லாமலே கைது. 1911இல் திருத்தி எழுதப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய வேண்டியிருந்ததால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குறவர் போன்ற எளிய சமூகங்களும் அதில் அகப்பட்டன. சாதி ஏணியில் நமக்கு மேலே நிற்கும் சமூகங்களும் அகப்பட்டன. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்த பிறமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள்.

1911க்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1914இல், இந்தியா முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அன்று கார் வைத்திருந்தவர்கள் வெள்ளையர்களும் ஜமீன்தார்களும் பெரும் பணக்காரர்களும்தான். ஒரே அரசு, ஒரே சாலை. காரில் போகிறவருக்கு ஓட்டத் தெரியும் என்று ஒரு சீட்டு. நடந்து போகிறவருக்கு அவர் இன்னார் என்று ஒரு சீட்டு. முதல் சீட்டு திறமையைப் பார்த்தது, இரண்டாவது பிறப்பைப் பார்த்தது. இன்று நம் கையில் இருப்பது முதல் சீட்டுதான். ஆனால் சோதனையில் நம்மிடம் கேட்பது பல நேரம் இரண்டாவது சீட்டுக்கான கேள்வி.

குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் ரத்தானது. ஆனால் அதன் மொழி முழுதாகப் போகவில்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சந்தேக நபர், வழக்கமான குற்றவாளி என்று நன்னடத்தைப் பிணை கேட்கும் 109, 110ஆம் பிரிவுகள் இருந்தன. புதிய சட்டத்தில் அவை 128, 129 ஆகியிருக்கின்றன. இன்றைய மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 19ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லப்பட்ட காரணங்களில் ஆபத்தாக ஓட்டுவதும் உண்டு. ஆனால் அதற்கும் முன்னால், முதல் காரணமாக நிற்பது 'வழக்கமான குற்றவாளி' என்ற சொல். வண்டி ஓட்டும் சட்டத்துக்குள் அந்தச் சொல் ஏன் வந்தது என்று சட்டம் படிக்கும் தோழர்கள் கேட்க வேண்டும்.

சாலை திறந்தது, சந்தேகம் தொடர்ந்தது

சாலையைத் திறக்க நம்மவர்கள் கொடுத்த உழைப்பு சின்னதல்ல. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. அதே ஆண்டில் சென்னை சட்டசபையில் பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவில் 'சாலைகள்' என்ற சொல் தனியாக எழுதப்பட்டிருப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அதோடு முடிந்ததா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது அதன்படி குற்றம். அய்யங்காளி வில்லுவண்டி ஓட்டி 122 ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் இதை எழுத வேண்டியிருந்தது.

ஊர்த்தெருவில் மறிப்பவரைப் பற்றி இந்தச் சட்டம் பேசுகிறது. நெடுஞ்சாலையில் சீருடையோடு நிறுத்துபவரின் சந்தேகம் இருக்கிறதே, அது காவல் நிலையத்தில் எழுதி வைக்கப்படுகிறது. 'சரித்திரப் பதிவேடு' என்று பத்திரிகைகளில் படிப்பீர்களே, அதுதான். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் டெல்லி தொடர்பான ஒரு வழக்கில் இதைப் பேசியது. பின்தங்கியவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்றோர் மீது சாதிப் பாகுபாட்டால் இப்படிப் பதிவுகள் எழுதப்படுவதைக் கவனிக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைப் பதிவேடுகளில் சாதி எழுதும் பத்தியை நீக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஆக, தம்பியின் பயம் வெறும் மனப்பிரமை இல்லை.

முகவரி சொல்லும் சாதி

லைசென்ஸில் சாதி என்று ஒரு கட்டம் கிடையாது. தேவையும் இல்லை, முகவரி போதும். காலனி, ஆதிதிராவிடர் தெரு, அம்பேத்கர் நகர் என்று படித்தாலே தெரிந்துவிடும். 2025 ஏப்ரல் 29 அன்று 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் ஏற்கெனவே அச்சான லைசென்ஸ் பையில்தான் இருக்கிறது. சொல் போனாலும் 'எந்தப் பக்கம்டா?' என்று கேட்கும் வாய் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பணம். 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அபராதங்கள் ஏறின. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 என்று இருந்தது 5,000 ஆனது. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000, இன்சூரன்ஸ் இல்லையென்றால் 2,000. பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. விபத்துகள் குறைய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை, சாலையில் சாவதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு நாள் செலவாக இருக்கும் தொகை இன்னொரு வீட்டுக்கு ஒரு மாதக் கூலி.

அமெரிக்காவில் பெர்குசன் நகரக் காவல்துறையை அந்நாட்டு நீதித்துறை ஆராய்ந்து 2015இல் அறிக்கை தந்தது. அந்நகர மக்களில் கறுப்பர்கள் 67 சதவீதம். 2012 முதல் 2014 வரை போலீஸ் நிறுத்திய வாகன ஓட்டிகளில் அவர்கள் 85 சதவீதம். யாரை நிறுத்தினோம் என்பதை அங்கே எழுதி வைத்திருந்தார்கள், அதனால் எண்ண முடிந்தது. நம் சலானில் அப்படி எதுவும் இல்லை. 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்று அதிகாரி சொன்னால், மறுத்துக் காட்ட நம்மிடம் கணக்கு இல்லை.

கணக்கு நாம் எழுதுவோம்

1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தங்கள் பெயரை எடுத்தது அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து. அந்தக் கருஞ்சிறுத்தைகள் 1966இல் ஓக்லாந்தில் தொடங்கியபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று, போலீஸ் வண்டியைப் பின்தொடர்ந்து போய், கறுப்பு இளைஞர்களை நிறுத்தும் இடத்தில் நின்று சட்டத்தைச் சொன்னதுதான். அவர்கள் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். நமக்கு வேண்டியது அவர்கள் கையில் இருந்த சட்டப் புத்தகம்.

தம்பிக்கு நாங்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலில், காரணம் கொடுக்காதீர்கள். ஹெல்மெட் இரண்டு பேருக்கும் வேண்டும். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் சரியாக வைத்திருங்கள். டிஜிலாக்கரில் காட்டினாலும் 2018 முதல் செல்லும். சீருடையில் உள்ள காவலர் கேட்டால் இவற்றைக் காட்டுவது நம் கடமை. நான்கு பேர் சேர்ந்த கேஸ் எது, உன் அண்ணன் எங்கே என்பதெல்லாம் வண்டிச் சோதனையில் வராது.

இரண்டாவது, சலான் இல்லாமல் பணம் தராதீர்கள். சட்டப்படியான தொகையைக் கட்டி முடித்தால் அந்தத் தவறின் பேரில் மேற்கொண்டு வழக்கு இல்லை. ஹெல்மெட் சலான் கட்டியவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார்.

மூன்றாவது, கை ஓங்காதீர்கள், காவலரைத் தொடாதீர்கள். ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டியது 'அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார்' என்ற வழக்காக மாறும் இடம் அதுதான். போலீஸ் தேர்வு எழுதுகிறவருக்கு அந்த ஒரு வரி வாழ்க்கையையே மாற்றும். சாதியைச் சொல்லித் திட்டினால் பெயர்ப்பட்டையையும் நேரத்தையும் மனதில் வையுங்கள், உடனே எங்களுக்கோ ஒரு வழக்கறிஞருக்கோ சொல்லுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சீருடைக்கும் பொருந்தும்.

நான்காவது, எழுதி வையுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, இடம், நிறுத்திய நேரம், விட்ட நேரம், என்ன கேட்டார்கள், சலான் உண்டா, படம் எடுத்தார்களா, கூட நிறுத்தப்பட்ட மற்ற தெருப் பிள்ளைகளை எப்படி நடத்தினார்கள் என்று ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள். முதல் பதிவு அந்தத் தம்பியுடையது. தன் படத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறார். பதில் வந்தால் இங்கே எழுதுவோம். வராவிட்டாலும், மேல்முறையீடு செய்தோம் என்று எழுதுவோம்.

காவல் நிலையத்தில் இருப்பதற்குத்தான் சரித்திரப் பதிவேடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நோட்டும் சரித்திரம்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டு தொடங்குங்கள் தோழர்களே.

ஜெய்பீம்.