கண்டிச்சீமைத் துரைமாரும் கடன் சீட்டும்

கடன் என்றால் என்னவென்று வடகரை விவசாயிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மேக்கரை மலையில் மழை பொய்த்தால் வெள்ளாமை போகும். நிலம் ஒத்திக்குப் போகும். ஆனால் மண்ணை ஆள வந்த வெள்ளைக்காரத் துரைமாரும் விளைச்சல் பொய்த்துக் கடனுக்காகக் கைகட்டி நின்ற காலம் ஒன்று இருந்தது. நெல்லைச் சீமையிலிருந்து கப்பலேறிய நம் முன்னோரின் கதையும் அதனோடு பின்னிக் கிடப்பதால், இம்மலரில் அதனைச் சிறிது எழுதத் துணிந்தோம்.

இலங்கையின் மலைநாட்டில் காடழித்துக் காப்பி பயிரிட்ட துரைமாரில் பலர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள். கையில் பெரும் பொருள் இல்லாமல் வந்தோரும் அவர்களில் உண்டு. தோட்டத்தை அடமானம் வைத்துக் கொழும்பு ஏஜென்சிக் கம்பெனியிடமோ வங்கியிடமோ முன்பணம் பெறுவர். அதைக் கொண்டே கூலியும் அரிசியும் கொடுப்பர். காப்பி இலண்டனில் விற்றதும் கடன் கழிக்கப்படும். விளைச்சல் குறைந்தால் பாக்கி, வட்டியோடு அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். நம்மூர் வட்டிக்கடைப் பேரேட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்!

1869-இல் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி தென்பட்டது. அது ஒரு பூஞ்சண நோய். செடி உடனே சாகவில்லை. இலை உதிர்ந்து, காய்ப்பு ஆண்டுக்காண்டு குறைந்தது. அதே காலத்தில் காப்பி விலை உயர்ந்தது. ஆகவே துரைமார் நோயைப் பாராமல், மேலும் கடன் வாங்கி மேலும் காடழித்தனர். இங்கேதான் அவர்கள் தவறினர் என்பது நமது எண்ணம். 1878-இல் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது. 1880-இல் வந்த மார்ஷல் வார்டு என்னும் அறிஞர் நோயின் காரணத்தைக் கண்டார், மருந்துதான் கிடைக்கவில்லை. சின்கோனாவை நட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் நட்டதால் அதன் விலையும் விழுந்தது. 1884 மே 3-ஆம் நாள், தோட்டங்களுக்கு ஏராளமாகக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியே கதவடைத்தது. கவர்னர் ஆர்தர் கோர்டன் அவ்வங்கியின் நோட்டுகளுக்கு அரசுப் பொறுப்பளித்ததால் பீதி தணிந்தது. துரைமார் குடும்பங்கள் பல மூட்டை கட்டின.

தொழிலாளியின் கடனோ வேறு வகை. 1876–78 பஞ்சத்துக்குத் தப்பிப் போனவர்களுக்குக் கப்பல் கூலியும் வழிச் சோறும் கங்காணியின் கணக்கில் கடனாயின. தோட்டம் மாறும்போது அக்கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டு உடன் செல்லும். புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் ஆள் விடுதலை. கட்டிய தொகையோ மறுபடியும் அவன் தலையிலேயே ஏறும். துரையின் கடன் வங்கியோடு மூழ்கியது. கூலியின் கடன் தோட்டம் தோட்டமாக நடந்தது. 1921-இல்தான் இந்தத் துண்டு முறை ஒழிந்தது.

காப்பி பருவப் பயிர். பறித்து முடிந்ததும் ஊர் திரும்பலாம். அதன் இடத்துக்கு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன்களிலேயே தங்கின. 1948-இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அம்மக்களில் பலருக்கு, தொழில் தொடங்க அரசு முதலில் கொடுத்ததும் ஒரு கடன்தான்.