கணக்குப் பிள்ளைகளுக்கும் ஒரு மாநாடு

தடைக்காலத்துல எங்க ஜெகதாப்பட்டினத்துல காசு புரளாது. ஏப்ரல் 15லேருந்து 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா மகள் வந்து நின்னா. மருத்துவப் புள்ளியியல் முதுகலை படிக்கிறா. அவங்க துறை மாநாட்டுல கட்டுரை வாசிக்கணுமாம். பதிவுக் கட்டணம், ரயில், தங்க இடம்னு ஒரு தொகை ஆகுது.

மச்சான் கேட்டது ஒரே கேள்வி. "ஏன் மாப்ள, டாக்டருங்க மாநாடு போடுறாங்க, சரி. கணக்கு எழுதுறவனுக்கு எதுக்கு மாநாடு?"

நியாயமான கேள்விதான் :) அன்னைக்கு எனக்குப் பதில் வரலை. அப்புறம் தேடிப் படிச்சதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம நாட்டுல இது புதுசு இல்லை. மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1938 ஜனவரியில் அங்கேயே முதல் இந்தியப் புள்ளியியல் மாநாடு. தலைமை தாங்க இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஆர்.ஏ. ஃபிஷர். எந்த வயலுக்கு எந்த உரம் என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொன்ன மனிதர். 1947 செப்டம்பரில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் சர்வதேச பயோமெட்ரிக் சொசைட்டி உருவானபோது முதல் தலைவரும் அவர்தான். (ரேஷன் கடையில கைரேகை வைக்கிற பயோமெட்ரிக் இல்லீங்க, இது உயிர்களை அளக்கிற கணக்கு.) உட்ஸ் ஹோலும் எங்க ஊர் மாதிரி ஒரு கடற்கரை ஊர், கடல் ஆராய்ச்சிக்குப் பேர் போனது. எழுபதுகளில் அதே சங்கத்துக்கு நம்ம சி.ஆர். ராவ் தலைவராக இருந்தார். 2023இல், 102 வயதில் காலமானார்.

இதெல்லாம் மச்சானிடம் சொன்னால் கொட்டாவி விடுவார். அவருக்குச் சொல்ல வேண்டிய கதை சென்னையில் இருக்கிறது.

ஃபிஷரின் குலுக்கலை வயலிலிருந்து நோயாளிகளிடம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிராட்ஃபோர்ட் ஹில். டாக்டராக ஆசைப்பட்டவர். முதல் உலகப்போர் சமயத்தில் காசநோய் வந்து படுத்ததால் அது நடக்கவில்லை, புள்ளியியலுக்கு வந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கேட்குமா என்று குலுக்கல் முறையில் பார்த்த ஆய்வு 1948இல் வெளியானது. அதன் பின்னால் இருந்தவர் இவர்.

அதே முறை 1956இல் சென்னைக்கு வந்தது. அப்போ காசநோய்னா சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் பேரே அதுதான். ஆனால் இத்தனை லட்சம் பேருக்குக் கட்டிலுக்கு எங்கே போவது? மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு மையம் தொடங்கின. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி அவரவர் குடிசைக்கே. வாரம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிக்கணும். ஒழுங்காச் சாப்பிடுறாங்களான்னு பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள்.

முடிவு 1959இல் வந்தது. ஒரு வருஷத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்! நல்லாச் சாப்பிட்டவங்க எடை கூடினாங்க, அவ்வளவுதான். வீட்டிலேயே இருந்தவங்களால குடும்பத்துல மத்தவங்களுக்குக் கூடுதலா நோய் பரவலை என்பதும் தொடர்ந்து பார்த்ததில் தெரிஞ்சுது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்க அய்யாவுக்கு (அப்பாவோட அப்பா) சயரோகம். எங்காவது ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுடுன்னு சொந்தக்காரங்க அப்பத்தாவை நெருக்கினாங்களாம். டாக்டர் சொன்னாராம், "வீட்டுலயே வச்சுக்கம்மா, மாத்திரையை மட்டும் விட்டுடாதே." அய்யா பொழச்சு, அப்புறம் இருபது வருஷம் வலை பின்னினார். அந்த டாக்டருக்கு அந்தத் தைரியம் எங்கேயிருந்து வந்ததுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.

கசப்பான கணக்கும் உண்டு. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறக்குறைய 2,60,000 பேரை வைத்து பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979இல் அறிவித்தார்கள். எவ்வளவு பெரிய ஏமாற்றம்! மறைக்கவில்லை. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயிலிருந்து காப்பதால் பிறந்ததும் போடுவது இன்றும் தொடர்கிறது.) எண்ணினது சரியா, குலுக்கினது சரியான்னு கேட்க டாக்டர் போதாது, இன்னொரு கணக்குக்காரன்தான் வேணும். 1983இல் இந்திய மருத்துவப் புள்ளியியல் சங்கம் பிறந்தது. ஆண்டு மாநாடு, முன்கூட்டியே பயிற்சிப் பட்டறை. நம்ம பொண்ணு மாதிரிப் பிள்ளைகள் எழுந்து நின்னு படிக்க, பெரியவங்க கேள்வி கேட்டுக் குடைவாங்க.

இத்தனையும் சொன்னப்புறம் மச்சான், "193 பேரைப் பார்த்து ஊருக்கே சொல்லிட முடியுமா?" என்றார். இதுக்கு எங்க கரையிலயே பதில் இருக்கு. இந்தியக் கடற்கரை முழுக்க எவ்வளவு மீன் இறங்குதுன்னு மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கணக்கு எடுக்குது. கொச்சிக்குப் போறதுக்கு முன்னாடி மண்டபத்துல இருந்ததே, அவங்கதான். எல்லாத் துறையிலும் எல்லாப் படகையும் எண்ணுறதில்லை. சில துறை, சில நாள், சில படகு. அதை வச்சு மொத்தம் போடுவாங்க. "நாமளும் ஒரு கூடை சரக்கைப் பார்த்துத்தானே ஏலம் கேக்குறோம்" என்றார் மச்சான், தானாகவே. "ஆனா மேல நல்ல மீனை அடுக்கி வச்சா ஏமாந்துருவோம்." அதுக்குத்தான் மச்சான் குலுக்கல்!

சீட்டு எடுத்துக் கட்டணம் கட்டிட்டார். ரயில் டிக்கெட்தான் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட் 14ல நிக்குது. அது கன்ஃபர்ம் ஆக எவ்வளவு வாய்ப்புன்னு மகள்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கார்.