கிறிஸ்துமஸ் ஜாடியும் கறுப்பு பீரும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் இப்போது இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறார். போன வாரம் ஒரு படம் அனுப்பினார். பெரிய கண்ணாடிக் குடுவை நிறைய, காபி டிகாக்‌ஷன் நிறத்தில் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. "சார், இது ஸ்டவுட். கறுப்பு பீர். கிறிஸ்துமஸுக்காக வீட்டிலேயே செய்கிறேன். நம்ம போடி ஏலக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் போட்டிருக்கிறேன். திட்டாதீங்க" என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "நம்ம ஊரில் வீட்டிலேயே இப்படிச் செய்யும் வழக்கம் எப்போதாவது இருந்ததா சார்?"

திட்டவில்லை. கேள்வி நல்ல கேள்வி. அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் உங்கள் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

முதலில் ஸ்டவுட் என்றால் என்ன? 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் போர்ட்டர் என்று ஒரு கருநிற பீர் பரவியது. மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர். அதிலேயே கெட்டியான, வலுவான வகைக்கு ஸ்டவுட் போர்ட்டர் என்று பெயர். பிறகு போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் நின்றது. 1817-ல் டேனியல் வீலர் என்பவர், காபிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போல ஒன்றைச் செய்து, முளைகட்டிய பார்லியைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய ஸ்டவுட்டின் நிறமும் கசப்பும் அந்த வறுவலில் இருந்து வந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காகக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு இறக்கியதும் இந்தப் போர்ட்டரைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது "முளைகட்டிய" என்ற சொல். தானியத்தை முளைக்க விட்டால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். சர்க்கரை கிடைத்தால் ஈஸ்ட் அதைத் தின்று சாராயச் சத்தும் கரியமில வாயுவும் தரும். பீர் என்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

இந்த வித்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப்பாட்டில் உள்ள பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். வலைஞர் குடியிருப்பில் மது செய்யும் முறை அதில் படிப்படியாக வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் புளிக்க வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். இது அரிசி பீர். அதே நூலில் வீட்டிலேயே ஆக்கும் நெற்கள்ளுக்குத் தோப்பி என்று தனிப்பெயரே இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற மலைகளில் வாழ்ந்த குறவர்கள் தேன் சேர்த்த தேறலை மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. ஆக மாணவரின் கேள்விக்கு முதல் பதில்: இருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. அதுவும் வீட்டு வேலையாக இருந்தது.

இனி நம் பள்ளத்தாக்கு.

1895-ல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறந்தது. மேற்கே போன தண்ணீர் குகை வழியாகக் கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரை இருபோக நிலமாக்கியது. தண்ணீர் வந்த பிறகு கிணறுகளும் ஊறின. அந்தக் கிணற்றுப் பாசனத்தில்தான் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர்ப் பக்கம் திராட்சைப் பந்தல்கள் ஏறின. நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது பத்திரிகைகள் எல்லாம், 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எழுதின. இங்கே ஒரு வாத்தியார் குறிப்பு. பன்னீர் என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அது இங்கிலாந்தில் ஒட்டுச் சேர்த்து உருவாக்கப்பட்டதே 1850 அளவில்தான். ஆகவே 1832-ல் பாதிரியார் திராட்சைக்கொடி கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அது இன்றைய பன்னீராக இருக்க முடியாது. ஒரு ஆண்டை எழுதும்முன் இன்னொரு ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா?

பாதிரியார்களுக்குத் திராட்சை ஏன் வேண்டும்? திருப்பலிக்குத் திராட்சை ரசம் வேண்டும். சாப்பாட்டு மேசைக்கும் ஒயின் வேண்டும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும், மலைக்கு அப்பால் கேரளக் கிறிஸ்தவர் வீடுகளிலும் கிறிஸ்துமஸ் ஒயின் என்பது கேக்கைப் போலவே வீட்டுப் பலகாரங்களில் ஒன்று. நம் பக்கத்திலும் சில வீடுகளில் அது உண்டு. எந்த ஊர், எந்த வீடு என்று எழுத மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

முறை இதுதான். நவம்பர் நடுவில் பன்னீர் திராட்சை வாங்குவார்கள். வடக்கே மகாராஷ்டிரத்தில் திராட்சைக்கு வருஷத்தில் ஒரு பருவம்தான். நம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். கழுவி, ஈரம் போக உலர்த்தி, ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியில் பழமும் சர்க்கரையுமாக அடுக்கி மசிப்பார்கள். ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட். பிறகு மசாலா: ஏலக்காய், கிராம்பு, பட்டை. வாயைத் துணியால் கட்டி, இருட்டு மூலையில் வைத்து, தினமும் மரக்கரண்டியால் ஒரே நேரத்தில் கிளறுவார்கள். 21 நாள் கணக்கு வைப்பவர்களும் உண்டு, 41 நாள் கணக்கு வைப்பவர்களும் உண்டு. வடிகட்டித் தெளிய வைத்து, நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவார்கள். கவனியுங்கள், ஸ்டவுட்டுக்குப் பார்லியைக் கருக்குகிறான், நம் வீட்டம்மா சர்க்கரையைக் கருக்குகிறார். கண்ணுக்குக் கறுப்பு வேண்டும் என்ற ஆசை இரண்டு பேருக்கும் ஒன்று.

மசாலாவுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகள். மேலே ஏலத்தோட்டம், கீழே போடியில் ஏல வணிகம். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது ஏலக்காய் மூட்டைக்கும் வழி சுலபமானது. இங்கிலாந்து மாணவரின் குடுவையில் மிதக்கும் ஏலக்காய், அவர் அப்பா சுமந்த மூட்டையின் பேரப்பிள்ளை என்று சொன்னால் தவறில்லை.

சரி, இவ்வளவு பழைய வழக்கம் ஏன் மறைவில் நடக்கிறது? இங்கேதான் உண்மையான வரலாறு இருக்கிறது.

1880-ல் இங்கிலாந்துப் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிவிட்டு பீர் மீது வரி போட்டார். அதோடு வீட்டில் பீர் ஆக்குபவரும் உரிமம் வாங்க வேண்டும் என்று ஆனது. ஆறு ஆண்டு கழித்து, 1886-ல் சென்னை அப்காரிச் சட்டம் வந்தது. மது செய்ய, விற்க, மரத்தில் கள் இறக்க எல்லாவற்றுக்கும் உரிமம். இரண்டு சட்டத்துக்கும் காரணம் குடியை ஒழிப்பது அல்ல, வருமானம். வீட்டுச் சாடிக்கு வரி போடுவது கடினம். ஆலைக்கும் கடைக்கும் போடுவது சுலபம்.

அதன்பின் பாதைகள் பிரிகின்றன. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் தளர்வு, 1974-ல் மீண்டும் விலக்கு, 1981-ல் மீண்டும் திறப்பு, 1983-ல் டாஸ்மாக் நிறுவனம், 1987 முதல் சாராயத்துக்கும் கள்ளுக்கும் தடை, 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அரசு வசம். விற்பனை வரியும் போகவில்லை, மது வருமானமும் திரும்பி வந்துவிட்டது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். கடை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது, மறுபடி திறந்தது. வீடு மட்டும் ஒரு முறைகூடத் திறக்கவில்லை. இங்கிலாந்தில் 1963-ல் வீட்டு பீருக்கான உரிமத்தை எடுத்துவிட்டார்கள். விற்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு, ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன் வரை அனுமதித்தார். நம்மிடம் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு ஜாடி ஒயின் செய்தாலும் குற்றம்தான்.

"சார் குடியை ஆதரிக்கிறாரா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. வருகைப் பதிவேட்டில் நான் பெயர் கூப்பிட்ட பிள்ளைகளின் சாவுக்கு மாலையோடு போய் நின்றிருக்கிறேன். நாற்பது வயது தாண்டாதவர்கள். அப்பாவின் குடியால் எட்டாம் வகுப்போடு நின்று ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிய பெண்பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் யாரும் ஜாடி வைத்திருக்கவில்லை.

வரலாற்றில் நாம் இழந்தது மதுவை அல்ல, அளவை. கிறிஸ்துமஸ் ஜாடிக்கு ஒரு தேதி உண்டு. அதைச் செய்தவர் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, சின்ன டம்ளரில், கேக்கோடு, அவர் கையால் ஊற்றினால்தான் உண்டு. தீர்ந்தால் அடுத்த வருஷம். கடைக்குத் தேதி கிடையாது, ஊற்றிக் கொடுக்கும் பாட்டியும் கிடையாது.

அதற்காக நாளையே சட்டத்தை மாற்று என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு விலக்கு என்றால் அதன் மறைவில் சாராய ஊறல் போடுபவன் முதலில் நுழைவான். ஜாடியில் புளிக்க வைப்பது வேறு, அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி வடிப்பது வேறு, தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்து விற்பது முற்றிலும் வேறு. 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மூன்றாவது. சட்டம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு முன்னால் நாம் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

எனவே இங்கே இருப்பவர்களுக்கு: யாரும் ஜாடி வைக்காதீர்கள், வழக்கு வரும். இங்கிலாந்து மாணவருக்கு: உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறது, செய்யுங்கள். ஏலக்காயைத் தோலோடு தட்டிக் கடைசியில் போடுங்கள். கிராம்பைக் குறையுங்கள், அது மற்ற வாசனையை விழுங்கிவிடும். இதெல்லாம் பாயசத்திலேயே கற்றதுதான். தேதியை மட்டும் தாண்டாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தோப்பி, தேறல், ஜாடி ஒயின், கள் பற்றிக் கேட்டு எழுதுங்கள். எழுபது எண்பது வயதுக்காரர்கள் சொல்லாமல் போய்விட்டால் இதை எழுதிவைக்க வேறு ஆவணம் கிடையாது. ஊர்ப்பெயர், ஆள்பெயர் வேண்டாம். முறையும் வருஷமும் போதும்.