மழையில் வழுக்கும் கை – வைப்பரின் கதை

பழைய கார். வெளியே நல்ல மழை. சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் கண்ணாடி மேல் இருக்கும் வைப்பர் கை பாதி தூரம் எழும்பி, வழுக்கி, மறுபடியும் கீழே வந்து படுத்துக்கொள்கிறது. மோட்டாரில் கோளாறு இல்லை. பேட்டரியிலும் கோளாறு இல்லை. கோளாறு இருப்பது விரல் நுனி அளவே உள்ள ஓர் இடத்தில்! கை, தன்னை ஆட்டும் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் அது.

வெயில் நாளில் இந்தக் கையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் மதிப்பு, அது வேலை செய்யாத அன்றுதான் தெரிகிறது. வைப்பரின் நூறாண்டு வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு உரிய மதிப்பு உரிய நேரத்தில் கிடைக்கவே இல்லை.

டிராமில் பிறந்த யோசனை

1902-03 குளிர்காலம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம் நகரில் வாழ்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே அவர் ஏறிய டிராம் வண்டியின் முன்கண்ணாடியில் பனி படிந்துகொண்டே இருந்தது. ஓட்டுநருக்குப் பாதை தெரியவில்லை. பாதை தெரிய வேண்டும் என்றால் கண்ணாடியைத் திறக்க வேண்டும். திறந்தால் குளிர் காற்று முகத்தில் அடிக்கும்.

ஊர் திரும்பிய ஆண்டர்சன் ஒரு கருவியை வடிவமைத்தார். வண்டிக்கு உள்ளே ஒரு நெம்புகோல். வெளியே ரப்பர் பட்டை பொருத்திய ஒரு கை. உள்ளே நெம்புகோலைத் திருப்பினால் வெளியே கை கண்ணாடியைத் துடைக்கும். பனிக்காலம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். 1903 நவம்பர் 10 அன்று இதற்கு 7,43,801 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

1905-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்த ஒரு நிறுவனத்திடம் அவர் இந்த உரிமையை விற்க முயன்றார். விற்பனை செய்யும் அளவுக்கு இதில் வணிக மதிப்பு இல்லை என்று பதில் வந்தது.

இந்தப் பதிலைப் படித்தால் இன்று சிரிப்பு வரும். ஆனால் கணக்கைப் பார்த்தால் அந்த நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1903-இல் அமெரிக்கா முழுவதும் பதிவான கார்கள் சுமார் 33 ஆயிரம்தான். பல கார்களுக்கு முன்கண்ணாடியே கிடையாது! கண்ணாடியே இல்லாத வண்டிக்குத் துடைப்பான் எதற்கு?

அன்று காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். ஆண்டர்சனின் உரிமை 1920-இல் காலாவதியானது. அந்த ஆண்டு அமெரிக்காவில் இருந்த கார்கள் 81 லட்சத்துக்கும் மேல். சந்தை வந்து சேர்ந்தபோது உரிமை கைவிட்டுப் போயிருந்தது. 1953-இல் அவர் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2011-இல்தான்.

ஒரு விபத்தும் ஒரு கம்பெனியும்

ஆண்டர்சனுக்குக் கிடைக்காத சந்தை ஜான் ஓய்ஷே என்பவருக்குக் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் நாடக அரங்கு நடத்திக்கொண்டிருந்தவர் இவர். ஒருநாள் கொட்டும் மழையில் கார் ஓட்டிச் சென்றபோது, முன்னால் வந்த சைக்கிள்காரரைக் கவனிக்காமல் இடித்துவிட்டார். சைக்கிள்காரருக்குப் பெரிய காயம் இல்லை. ஆனால் அந்த அதிர்ச்சி ஓய்ஷேயை விடவில்லை.

கண்ணாடியைத் துடைக்க வழி தேடினார். அதே ஊரில் ஜான் ஜெப்சன் என்ற பொறியாளர் கையால் தள்ளித் துடைக்கும் ரப்பர் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அக்காலக் கார்களின் முன்கண்ணாடி மேல், கீழ் என இரண்டு துண்டாக இருக்கும். நடுவிலுள்ள இடைவெளியில் இந்தக் கருவியைச் செருகி இப்படியும் அப்படியும் தள்ள வேண்டும். ஓய்ஷே அதை விற்கத் தொடங்கி, 1917-இல் ஒரு நிறுவனத்தையும் நிறுவினார். உலகின் பெரிய வைப்பர் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்த 'டிரிக்கோ' இதுதான்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஓய்ஷே அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் அல்ல. அதற்குத் தேவை இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டவர்!

மேடு ஏறினால் தூங்கிவிடும் வைப்பர்

ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் வைப்பர் என்று எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? 1920-களில் வைப்பர் தானாக ஓடத் தொடங்கியது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1926-இல் மின்சார வைப்பரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலோ எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையால் ஓடும் வைப்பர்தான் பல ஆண்டுகள் கோலோச்சியது. தனி மோட்டார் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்பதால் செலவு குறைவு.

ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குள் காற்று தாராளமாகப் புகும், உறிஞ்சும் விசை குறைந்துவிடும். அதனால் மேடு ஏறும்போதும், லாரியை முந்தும்போதும் வைப்பர் மெதுவாகிவிடும். சில சமயம் நின்றே போய்விடும். பார்வை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும்!

1968 முதல் அமெரிக்காவில் கார்களுக்கு வைப்பர் பாதுகாப்பு விதி வந்தது. எஞ்சினின் பாரமும் வேகமும் எப்படி இருந்தாலும், வேகமான நிலையில் வைப்பர் நிமிடத்துக்குக் குறைந்தது 45 முறை துடைக்க வேண்டும் என்றது அந்த விதி. மின்சார வைப்பரே பொதுவழக்கானது.

கண் சிமிட்டும் வைப்பர்

தூறல் மழையில் வேறொரு தொல்லை. வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தால் காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச்சிடும். நிறுத்தினால் துளிகள் மறைக்கும்.

இதற்கு விடை கண்டவர் டெட்ராய்ட் நகரில் பேராசிரியராக இருந்த ராபர்ட் கியர்ன்ஸ். 1953-இல் அவருடைய திருமண இரவன்று ஷாம்பெயின் பாட்டிலின் மூடி தெறித்து இடது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணின் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. பல ஆண்டுகள் கழித்து மழையில் கார் ஓட்டும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. கண் இமை ஓயாமல் ஆடுவதில்லை, இடைவெளி விட்டுத்தான் சிமிட்டுகிறது. வைப்பரும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது?

மின்தேக்கியும் டிரான்சிஸ்டரும் கொண்ட எளிய சுற்று ஒன்றை அமைத்து, 1963-இல் ஃபோர்டு நிறுவனத்திடம் காட்டினார். 1967-இல் காப்புரிமையும் பெற்றார். அவருடன் ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே 1969-இல் ஃபோர்டு இடைவெளி விட்டுத் துடைக்கும் வைப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

1978-இல் கியர்ன்ஸ் ஃபோர்டு மீது வழக்குத் தொடுத்தார். ஏற்கெனவே இருக்கும் உதிரிகளைச் சேர்த்ததில் புதுமை என்ன இருக்கிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். உரிமை மீறப்பட்டது, ஆனால் வேண்டுமென்றே மீறப்படவில்லை என்றது நடுவர் குழு. 1990-இல் ஃபோர்டு 1 கோடியே 2 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. கிறைஸ்லர் மீதான வழக்கில் அவர் வக்கீல் இல்லாமல் தானே வாதாடி வென்றார். வட்டியோடு சுமார் 3 கோடி டாலர் கிடைத்தது.

ஆனால் அவர் கேட்டது பணம் அல்ல. தன் வைப்பரைத் தானே தயாரிக்கும் உரிமையைத்தான் கேட்டார். அது கிடைக்கவில்லை. வழக்குகளுக்கு நடுவே திருமண வாழ்க்கையும் முறிந்தது. 2005-இல் அவர் காலமானார். 'பிளாஷ் ஆஃப் ஜீனியஸ்' என்ற ஹாலிவுட் படம் இவருடைய கதைதான். அது வெளியானது 2008-இல்!

மீண்டும் அந்த வழுக்கும் கைக்கு...

நெம்புகோல் போய், உறிஞ்சும் விசை போய், மின்சாரம் வந்து, சிமிட்டவும் கற்றுக்கொண்டாயிற்று. ஆனாலும் கடைசியில் எல்லாம் ஒரு தண்டிலும் கையிலும் வந்துதான் முடிகிறது. பல கார்களில் தண்டு எஃகு. அதன் தலையில் வரி வரியாகப் பற்கள் இருக்கும். கையின் அடிப்பகுதி வார்ப்பு உலோகம், எஃகைவிட மென்மையானது. நட்டை இறுக்கும்போது தண்டின் பற்கள் அந்த மெல்லிய உலோகத்தைக் கவ்விப் பிடிக்கின்றன. பிளேடு எங்காவது சிக்கிக்கொண்டால் முதலில் தேய்வது கைதான். அதனால் விலை அதிகமான மோட்டார் தப்பித்துக்கொள்கிறது.

பழைய கார்களில் நட்டு தளர்ந்தோ, பற்களுக்கு இடையே துரு சேர்ந்தோ, யாராவது கையைப் பிடித்து இழுத்தோ இந்தப் பிடி போய்விடும். சரிசெய்யும் முறை எளியது. முதலில் வைப்பரை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, தண்டு தன் ஓய்வு இடத்துக்கு வர விட வேண்டும். பிறகு நட்டைக் கழற்றி, கையை மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஸ்குரூ டிரைவரை ஊன்றி நெம்பினால் கண்ணாடி போய்விடும்! தண்டின் பற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, கையைச் சரியான இடத்தில் வைத்து நட்டை இறுக்கினால் பெரும்பாலும் போதும்.

கையின் உட்புறப் பற்கள் முழுக்க வழவழப்பாகிவிட்டால் புதுக் கைதான் வழி. நடுவே தகரத் துண்டைச் செருகி இறுக்குபவர்களும் உண்டு. அது மெக்கானிக் கடை வரை போய்ச்சேர மட்டும் உதவும். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலோ மிச்சமிருக்கும் பற்களும் போய்விடும்.

இந்த வேலைக்கு ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பஃபலோவின் அந்தச் சைக்கிள்காரரே சாட்சி. மான்ட்ரியல் நிறுவனம் வணிக மதிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிய பொருள், இன்று சாலையில் போகும் ஒவ்வொரு காரின் முகத்திலும் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அந்த நட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது!