சாந்துச் சதுரங்களும் நடுவரும்: மேசை நிலவறையின் முன்வரலாறு

1812இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்கு கேயார்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் ஒரு பெரிய மேசையைச் செய்தளித்தார். இளவரசர்களுக்கு அவர் முன்பு காட்டியது ஈரமணலில் குவித்த போர்க்களம். மன்னர் முன் மணலைக் கொட்டுவது மரியாதையாகாது என்று கருதி, மேடு, ஆறு, சாலை, ஊர் எல்லாம் புடைத்து நிற்க வார்த்து வண்ணம் தீட்டிய சாந்துச் சதுரங்களை உருவாக்கினார். மணல் களத்தைக் கலைத்தால் அது போயிற்று. சதுரங்களைக் கலைத்தால் அடுத்த களம் பிறக்கும். திரும்பத் திரும்பப் பயன்படும் முப்பரிமாண நிலவமைப்பின் வரலாற்றை இந்த மேசையிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

1824இல் அவர் மகன் அச்சதுரங்களை ஒதுக்கிவிட்டு, 1:8000 அளவிலான நிலவரைபடத்தில் ஆட்டத்தை நடத்தினார். படைக்குள் பரவியது அதுதான். அரண்மனை மேசையைப் படைப்பிரிவுதோறும் செய்தனுப்ப முடியுமா என்ன? மகனின் ஆட்டத்தில் கவனிக்க வேண்டியவர் நடுவர். எதிரியின் கண்ணில் பட்ட படையை மட்டுமே அவர் வரைபடத்தில் வைப்பார். மற்றது அவர் மனத்தில் இருக்கும்.

தகப்பனின் சதுரமும் மகனின் நடுவரும் பிற்காலத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில்தான் மீண்டும் சந்தித்தன என்பது இக்கட்டுரையின் வாதம். நடுவர் வந்த வழி தெளிவானது. அமெரிக்க ராணுவ அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராடெகோஸ்’ நூலிலிருந்து அக்கருத்தை எடுத்துக்கொண்ட மினசோட்டாவின் டேவிட் வெஸ்லி, 1969இல் ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டத்தை நடத்தினார். அந்த வட்டத்தில் ஆடிய டேவ் ஆர்னசன், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வழிவகுத்த ‘பிளாக்மூர்’ உலகைப் படைத்தார். சதுரத்துக்கு அப்படியொரு வம்சாவளியை நான் உரிமை கோர மாட்டேன். தேவை எழுந்தபோது அது புதிதாகப் பிறந்தது என்றே தோன்றுகிறது.

அந்தத் தேவை என்ன? எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் விவரித்த பொம்மைப் போரில் மரக்கட்டை வீடுகளும் குச்சி மரங்களும் தொடக்கத்திலேயே எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் களமான நிலவறையில் கதவுக்கு அப்பால் இருப்பது ஆடுபவருக்குத் தெரிந்துவிட்டால் ஆட்டமே இல்லை. ஆர்னசனின் மேசை இதை அப்படியே காட்டுகிறது: மேலே பிளாஸ்டிக் கோட்டை மாதிரி, அதன் அடியிலுள்ள நிலவறையோ வெறும் தாளில். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது, 1976இல் அதன் வெளியீட்டாளரான டி.எஸ்.ஆர். நிறுவனம் ‘டன்ஜன் ஜியோமார்ஃப்ஸ்’ என்ற வரைபடத் துண்டுகளை வெளியிட்டது. எப்படித் திருப்பி வைத்தாலும் வழிகள் ஒன்றோடொன்று சேரும். சதுரம் திரும்பிவிட்டது, ஆனால் தட்டையாக.

அது மீண்டும் புடைத்தெழ வார்ப்புத் தொழில் வேண்டியிருந்தது. புரூஸ் ஹர்ஸ்ட் விற்ற சிலிக்கோன் அச்சுகளில் சாந்தை ஊற்றி வீட்டிலேயே செங்கற்கள் வார்த்தார்கள். ஸ்டெஃபன் பொகோர்னி 1996இல் தொடங்கிய ட்வார்வன் ஃபோர்ஜ், அறைகளையும் தாழ்வாரங்களையும் ரெசினில் வார்த்து விற்றது. அறை திறக்கத் திறக்க நடுவர் துண்டுகளை எடுத்து வைப்பார். ரெசின் கனமானது, கீழே விழுந்தால் சிதறும். 2013இல் அந்நிறுவனம் பி.வி.சி. சார்ந்த கலவைக்கு மாறியபோது, கிக்ஸ்டார்ட்டரில் ஏறத்தாழ 19 லட்சம் டாலர் திரண்டது. இடையில் 2000இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு, ஓர் அங்குலச் சதுரத்துக்கு 5 அடி என்ற கணக்கைச் சண்டை விதிகளில் ஊன்றியது. யார் செய்தாலும் பொருந்தும் பொது அளவு அப்படித்தான் நிலைத்தது.

சுவர்தான் தீராத வம்பு. உயரமாக வார்த்தால் அழகு. எதிரே அமர்ந்தவருக்கோ தன் பொம்மையே தெரியாது. அதனால் கைவினைக்காரர்கள் பலர் தரையையும் அதன் விளிம்பில் ஒரு சிறு வரம்பையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2.5டி என்று அழைக்கப்படும் இம்முறைக்கு அட்டையும் பசைத் துப்பாக்கியும் போதும். தெர்மோகோலைப் போல மணிமணியாக உதிராத நுரைப்பலகையும் உதவும். இரண்டு நூற்றாண்டு வளர்ச்சியில் மிகப் புத்திசாலித்தனமான திருத்தம் இது என்பேன்.

2005இல் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ‘ரெப்ராப்’ திட்டமும், 2009இல் காலாவதியான இழை உருக்கு அச்சுமுறைக் காப்புரிமையும் முப்பரிமாண அச்சுப்பொறியை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தன. இப்போது துண்டுகளைக் கோப்பாக வாங்கி வேண்டிய அளவு அச்சிடலாம். இணைப்பில்தான் ஒற்றுமை இல்லை. சிலர் கவ்வி வைக்கிறார்கள், சிலர் காந்தம் பதிக்கிறார்கள். ஓபன்லாக் என்ற இணைப்பு முறையின் கவ்வி, டிராகன்லாக் என்ற வேறொரு முறையின் துளையில் ஏறாது. சதுரம் ஓர் அங்குலமே ஆனாலும் தரையின் தடிமன் வேறுபட்டால், அருகருகே வைத்த இரண்டு அறைகளுக்கு நடுவே வரைபடத்தில் இல்லாத ஒரு படி முளைக்கிறது.