'அந்தச் சமாச்சாரம் மாத்தியாச்சா?': ஒரு செகண்ட் ஹேண்ட் பைக்கின் வரலாறு

"லாங் ரைடுக்கு ஒரு பழைய அட்வெஞ்சர் பைக் வாங்கலாமா, நம்பிப் போகலாமா?" இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில், அமெரிக்காவில் ஓடிய ஒரு வண்டியின் வரலாற்றில் இருக்கு. கவாசாகி கேஎல்ஆர் 650.

1987 மாடலாக வந்த வண்டி. 651 சிசி, ஒரே சிலிண்டர், சுமார் 23 லிட்டர் டேங்க். தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்கும் ஆகும், விலையும் கம்மி. 2007 வரை பெரிய மாற்றமே இல்லாமல் விற்றார்கள். அமெரிக்க மரைன் படைக்கு இதையே டீசலில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தாங்க. இவ்வளவு முரட்டு வண்டியில் எல்லாரும் பயந்தது ஒரு குட்டி லீவருக்கு!

பெரிய ஒற்றை சிலிண்டர் என்றாலே அதிர்வு அதிகம். அதை அடக்க இன்ஜினுக்குள் பேலன்சர் தண்டுகள் சுற்றும். அவற்றைச் சுற்றவைப்பது ஒரு செயின். ஓட ஓட அது தொய்யும். வெளியே ஒரு போல்ட்டைத் தளர்த்தினால், உள்ளே ஒரு ஸ்பிரிங் அந்த லீவரை இழுத்துத் தொய்வை எடுக்கும். திரும்ப போல்ட்டை இறுக்கிடணும். அவ்வளவுதான்.

ஆனால் பழைய லீவர் இரண்டு துண்டுகளை வெல்டு செய்தது. சில வண்டிகளில் அது விரிசல் விட்டு உடைந்தது. சிலதில் ஸ்பிரிங்கே போனது. போல்ட்டைத் திருப்புகிறவருக்கு இது எதுவும் தெரியாது. வேலை முடிஞ்சதுன்னு கிளம்பிடுவார், உடைந்த துண்டு இன்ஜினுக்குள் கிடக்கும்.

ஓனர்கள் இதுக்கு வைத்த பெயர் 'டூஹிக்கி'. பேர் தெரியாத சாமானை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வாங்க, நாம 'அந்தச் சமாச்சாரம்' என்கிற மாதிரி. சிலர் ஒரே துண்டு எஃகில் லீவர் செய்து, வலுவான ஸ்பிரிங்கோடு விற்க ஆரம்பித்தார்கள். தெரிந்தவர் வீட்டு கராஜில் கூடி, ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்தார்கள். விற்பனை விளம்பரத்தில் 'டூஹிக்கி மாற்றியாச்சு' என்பதே வண்டிக்கு ஒரு மதிப்பானது.

2008 மாடலில் கம்பெனியே லீவரை மாற்றியது. பிரச்சினை தீர்ந்ததா? அந்த வருஷத்து வண்டிகள் சில, ஹைவே வேகத்தில் ஆயில் குடிக்குதுன்னு புதுப் புகார் வந்தது! புது மாடல் என்பதற்காக மட்டும் நம்பிட முடியாது.

ஒன்றையும் கவனிக்கணும். உடைந்தவர் எழுதுவார், உடையாதவர் ஓட்டிக்கிட்டே இருப்பார். புகாரை மட்டும் படித்தால் எல்லா கேஎல்ஆரும் நடுவழியில் நின்ற மாதிரி தோன்றும். அப்படி இல்லை. எங்கே போகும், எப்படிச் சரிசெய்வது என்பது ஓனர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அதனால்தான் இந்தக் குறையோடும் அதை நம்பி வாங்கினார்கள் என்பது என் கருத்து.

அதனால் அடுத்த முறை பழைய வண்டி பார்க்கப் போகும்போது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதோடு நிறுத்தாதீங்க. இந்த மாடலில் வழக்கமாகப் போகிற பாகம் எதுன்னு முதலிலேயே விசாரிச்சுட்டுப் போங்க. அது மாற்றியாச்சா, பில் இருக்கான்னு கேளுங்க. விற்கிறவர் முழித்தால், அந்த வேலைக்கான செலவை விலையில் கழித்துப் பேசுங்க. ஊர் தாண்டி, சிக்னல் இல்லாத ரோட்டில் நிற்கப் போறது அவர் இல்லை, நீங்கதான்.